எத்தனை லிட்டர், எங்கே

கடல் அலைமேல் நின்று சறுக்கும் பலகையான சர்ஃப்போர்டுக்கு ஆர்டர் கொடுக்க வருகிறவர்களில் பலர் கையோடு ஓர் எண்ணைக் கொண்டு வருகிறார்கள். "எனக்கு 32 லிட்டர் வேண்டும்" என்பார்கள். பலகையின் மொத்தக் கன அளவு அது. தண்ணீரில் எவ்வளவு தாங்கும் என்பதற்கான கணக்கு. கம்ப்யூட்டரில் பலகையை வரையத் தொடங்கிய பிறகு பரவிய பழக்கம் இது. அதற்கு முன்பு நீளம், அகலம், கனம் மூன்றும்தான் பேச்சு. லிட்டர் உபயோகமான கணக்குதான், நானும் ஆர்டர் தாளில் எழுதிக்கொள்கிறேன். ஆனால் அந்த 32 லிட்டரும் பலகையில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை அந்த எண் சொல்லாது. மார்புக்குக் கீழே இருக்கலாம், மூக்குப் பக்கம் இருக்கலாம், ஓரங்களில் பரவியிருக்கலாம். மூன்றும் மூன்று வேறு பலகைகள். ஒரே எடையுள்ள இரண்டு பேருக்கு ஒரே சட்டை பொருந்தாது என்று எந்தத் தையல்காரரும் சொல்வார். எங்கள் வேலை முழுக்க அந்த வித்தியாசத்துக்குள்தான் நடக்கிறது.

நான் தச்சு வேலையிலிருந்து இந்தத் தொழிலுக்கு வந்தவன். ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட்டில் சமையலறை அலமாரி செய்யும் பட்டறையில் இருந்தேன். பர்லி ஹெட்ஸ், கரம்பின் பக்கத்துத் தொழிற்பேட்டைகளில் எங்கே திரும்பினாலும் பலகைப் பட்டறை. அதில் ஒன்றில் ஆள் தேவை என்றார்கள், போனேன். முதலில் உடைந்த பலகைகளை ஒட்டும் வேலை, பிறகு உப்புத்தாளால் தேய்க்கும் சாண்டிங், அதற்கப்புறம்தான் பலகைக்கு வடிவம் செதுக்கும் ஷேப்பிங் அறைக்குள் விட்டார்கள். இந்த வரிசை சரியான வரிசை என்றே இன்றும் நினைக்கிறேன். பழைய பலகை ஒன்றைக் கையில் வாங்கினால், அதன் சொந்தக்காரரைப் பற்றி அவரே சொல்லாத விஷயங்களை அது சொல்லிவிடும்.

மேல்பரப்பில் குதிகால் பதிந்த குழிகள் இருக்கும். மேலே ஒட்டிய கண்ணாடி இழைத் துணிக்குக் கீழே உள்ள, நுரைபோல் லேசான ஃபோம் அழுந்தி உண்டாகும் குழிகள் அவை. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் முன்கால் எங்கே நிற்கிறது, பின்கால் எங்கே நிற்கிறது, இரண்டுக்கும் இடைவெளி எவ்வளவு என்று தெரிந்துவிடும். பின்கால் குழி வால் பக்கத்து ரப்பர் பட்டைக்கு ஒரு சாண் முன்னால் இருந்தால், அவர் காலைப் பின்னுக்கு நகர்த்தித் திரும்புகிறவர் இல்லை. அவருக்கு வாலைக் குறுக்கிக் கொடுத்தால் பலகையே ஓடாது. வழுக்காமல் இருக்க மேலே தடவும் மெழுகு தேய்ந்திருக்கும் இடத்தைப் பார்த்தால், படுத்துக் கையால் துடுப்புப் போடும்போது மார்பு எங்கே இருக்கிறது என்பதும் புரியும். அதனால் ஆர்டர் கொடுக்க வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது அவருடைய பழைய பலகையைத்தான். மெழுகைச் சுரண்டாமல் அப்படியே கொண்டுவரச் சொல்வேன். எடை, வயது, எந்தக் கடற்கரை, வாரத்துக்கு எத்தனை நாள் என்பதெல்லாம் அடுத்துத்தான்.

உலகத்தரத்தில் போட்டியிடும் ஒருவர் 75 கிலோ எடைக்கு 27, 28 லிட்டர் பலகையில் ஏறுவார். தினமும் மணிக்கணக்கில் கடலில் இருக்கும் தோள்கள் அவருக்கு. சனி ஞாயிறு மட்டும் கடலுக்குப் போகிற, 90 கிலோ எடையுள்ள, ஐம்பதை நெருங்கும் ஒருவருக்கு 40 லிட்டர் வரை தேவைப்படலாம். சாம்பியனின் அளவையே கேட்டு வருகிறவர்கள் உண்டு. அவர்களுடைய ஆசையை நான் குறைவாக நினைப்பதில்லை. அந்தப் பலகையில் அவர்களுக்குப் பிடித்தது எது என்று விசாரிப்பேன். பெரும்பாலும் அது ஓரத்தின் மெல்லிய உணர்வாகவோ, வால் சட்டென்று திரும்பும் விதமாகவோ இருக்கும். அதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை இவர் உடம்புக்கு மாற்ற வழி இருக்கிறது.

இனி வேலைக்கு வருகிறேன். நாங்கள் தொடங்குவது பிளாங்க் எனப்படும் பாலியூரித்தேன் ஃபோம் கட்டையில். நடுவே நீளவாக்கில் மெல்லிய மரப்பட்டை ஒட்டியிருக்கும், அதுதான் ஸ்ட்ரிங்கர், பலகையின் முதுகெலும்பு. அச்சில் வார்த்த ஃபோமில் வெளித்தோலை ஒட்டிய பகுதி கெட்டி, உள்ளே போகப்போக மென்மை. ஆகவே கால் நிற்கிற மேல்பக்கத்தில் முடிந்தவரை குறைவாகவும், அடிப்பக்கத்தில் கூடுதலாகவும் சீவுவோம். மேலே அதிகம் சீவிய பலகை சில மாதங்களில் குழிகுழியாகிவிடும். மரத்தில் இழைப்புளி பிடித்த கைக்கு இது பழக நாளாகும். மரத்துக்கு நரம்பு உண்டு, எதிர்த்துச் சீவினால் உடனே சொல்லிவிடும். ஃபோம் எந்தப் பக்கம் சீவினாலும் வழிவிடும். எதிர்ப்பே காட்டாத பொருளில் வேலை செய்யும்போது கையைத்தான் கட்டுப்படுத்த வேண்டியிருக்கிறது.

ஷேப்பிங் அறையின் சுவர்களுக்கு அடர்நீலமோ பச்சையோ பூசியிருப்பார்கள். இரண்டு பக்கமும் பலகை கிடக்கும் உயரத்தை ஒட்டி டியூப்லைட்டுகள் படுக்கை வாட்டில் ஓடும். கூரை விளக்கை அணைத்துவிடுவோம். பக்கவாட்டிலிருந்து வரும் வெளிச்சத்தில் வெள்ளை ஃபோமின் மேடுபள்ளங்கள் நிழல் கோடுகளாக எழுந்து நிற்கும். அளவுகோலுக்குச் சிக்காத கால் மில்லிமீட்டர் மேடு அங்கே நிழலாகத் தெரியும். பலகையை முனையிலிருந்து பார்த்து, திருப்பிப்போட்டு, விளக்குக்கு நேராகச் சாய்த்து, அந்த நிழல் மூக்கிலிருந்து வால்வரை எங்கும் முறியாமல் ஓடுகிறதா என்று பார்ப்பதிலேயே நேரத்தில் பாதி போகிறது. மின்சார இழைப்புளியான பிளேனரைக் கையில் பிடித்தால் முனை முதல் முனை வரை நிற்காமல் நடக்க வேண்டும். நடந்துகொண்டே வெட்டும் ஆழத்தை மாற்றுவது ஒரு தனிக் கலை. அதற்கு வசதியான ஸ்கில் 100 என்ற பழைய பிளேனரைத் தயாரிப்பதை நிறுத்திப் பல காலம் ஆகியும், நல்ல நிலையில் ஒன்று விற்பனைக்கு வந்தால் ஷேப்பர்கள் இன்னும் போட்டி போட்டு வாங்குகிறார்கள்.

அடிப்பக்கத்தை முனை முதல் வால் வரை பக்கவாட்டிலிருந்து பார்த்தால் தெரியும் வளைவுக்கு ராக்கர் என்று பெயர். வளைவு குறைவாக இருந்தால் பலகை வேகமாக ஓடும், திரும்ப அடம்பிடிக்கும். கூடினால் எளிதாகத் திரும்பும், ஆனால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும். எந்த அலை என்பது இங்கேதான் நுழைகிறது. ட்வீட் ஆற்று முகத்துவாரத்தில் சேரும் மணலைக் குழாய் வழியாக கோல்ட் கோஸ்ட் பக்கம் இறைக்கும் திட்டம் 2001இல் தொடங்கிய பிறகு, ஸ்னாப்பர் ராக்ஸிலிருந்து கிர்ரா வரை நீண்ட மணல்மேடு உருவாகி, அலை வலப்பக்கமாக உடைந்துகொண்டே போகிறது. அங்கே ஓடுவதற்கு வேகம் வேண்டும். திறந்த கடற்கரையில் செங்குத்தாக எழுந்து சட்டென்று கவிழும் அலைக்கு அதே பலகையைக் கொண்டுபோனால் மூக்கு தண்ணீரில் குத்தும்.

இந்தத் தொழிலின் பெரிய மாற்றங்களில் ஒன்று ஒரு குறிப்பிட்ட உடம்பிலிருந்துதான் பிறந்தது. பலகையின் அடியில் வால் பக்கம் மீன் துடுப்புபோல் நிற்பது ஃபின். 1970களின் கடைசியில் இரண்டு ஃபின் வைத்த பலகைகள் மேலோங்கின. மார்க் ரிச்சர்ட்ஸ் அதில் 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு முறை உலகப் பட்டம் வென்றார். சிட்னியின் நாராபீன் பகுதியைச் சேர்ந்த சைமன் ஆண்டர்சனுக்கு அந்தப் பலகை ஒத்துவரவில்லை. அவர் ஆறடிக்கு மேல் உயரமான, பலமான ஆள். பெரிய அலையில் காலை ஊன்றித் திருப்பினால் வால் வழுக்கிக்கொண்டு போனது. அவர் ஷேப்பரும்கூட. பின்னால் நடுவில் மூன்றாவதாக ஒரு ஃபின்னை வைத்து, 1981இல் விக்டோரியாவின் பெல்ஸ் பீச்சில் மிகப்பெரிய அலைகளில் நடந்த போட்டியை வென்றார். அதே ஆண்டு ஹவாயில் பைப்லைன் மாஸ்டர்ஸ் போட்டியையும் வென்றார். த்ரஸ்டர் என்ற அந்த மூன்று ஃபின் அமைப்புதான் இன்றுவரை குறும்பலகைகளின் வழக்கமான அமைப்பு. அதற்கு அவர் காப்புரிமை வாங்கவில்லை, யாரும் செய்யலாம் என்று விட்டுவிட்டார். தன் எடைக்கும் தன் பின்காலுக்கும் வழி தேடிய ஒருவர் செய்தது, அவரைவிடச் சிறிய ஆட்களுக்கும் பொருந்திவிட்டது. இதை நான் புதிதாக வரும் பையன்களுக்கு அடிக்கடி சொல்வேன்.

என் மனதுக்கு மிக நெருக்கமான ஆர்டர் ஒரு பெண்மணியுடையது. வயது அறுபதைத் தொட்டிருந்தது. முழங்கால் அறுவை முடிந்து, மருத்துவர் கடலுக்கு அனுமதி கொடுத்திருந்தார். படுத்த நிலையிலிருந்து எழுந்து நிற்க முன்பைவிடக் கூடுதல் நேரம் தேவை. கடையில் 38 லிட்டர் பலகை ஒன்று வாங்கியிருந்தார். அலையைப் பிடிக்க முடிகிறது, ஆனால் திருப்பவே முடியவில்லை என்றார். பலகையைத் தொட்டதுமே காரணம் தெரிந்தது. மேல்பரப்பு தட்டை, கனம் முழுவதும் ஓரம் வரை பரவி, ஓரங்கள் பெட்டிபோல் நின்றன. அவருடைய எடைக்கு அந்த ஓரத்தைத் தண்ணீருக்குள் அழுத்தவே முடியாது. திரும்புவது என்றால் ஓரத்தை நீரில் புதைப்பதுதானே.

அவருக்குச் செய்ததும் அதே 38 லிட்டர்தான். கனத்தை நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்தேன், அதிலும் மார்பு படியும் இடத்தில். அங்கிருந்து மேல்பரப்பு இரண்டு பக்கமும் கூரைபோல் சரிந்து மெல்லிய ஓரத்தில் முடிந்தது. முன்பகுதியின் ராக்கரைக் குறைத்தேன், அலை செங்குத்தாகும் முன்பே பலகை ஓடத் தொடங்க வேண்டும், எழுந்து நிற்க அவருக்கு அந்த இரண்டு விநாடிகள் கிடைக்க வேண்டும் என்பதற்காக. கைகளை ஊன்றி எழும் இடத்தில் ஓரம் விரல்களுக்குள் அடங்குகிறதா என்று அவரையே ஷேப்பிங் அறைக்குள் வரவழைத்து, ஃபோம் நிலையிலேயே பிடித்துப் பார்க்கச் சொன்னேன். இடது கை பிடிப்பு சற்று பருமன் என்றார். உண்மைதான், வலப்பக்கத்தைவிட இழையளவு கூடுதலாக இருந்தது. பொதுவாக வாடிக்கையாளர்களை அந்த அறைக்குள் விடமாட்டார்கள். விட வேண்டும் என்பது என் கட்சி.

இயந்திரத்தைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று எல்லோரும் கேட்கிறார்கள். இன்று பெரும்பாலான பட்டறைகளில் கம்ப்யூட்டரில் வரைந்ததைக் கட்டர் இயந்திரம் வெட்டித் தருகிறது. அரை மணிக்குள் பலகை வடிவம் வந்துவிடும். மேலே கோடு கோடாக மெல்லிய வரப்புகள் நிற்கும், அதைக் கையால் தேய்த்து முடிக்க வேண்டும். நான் அதை வரவேற்கிறேன். பிடித்துப்போன பலகையை அதே அளவில் மறுபடி கேட்டால் அச்சு அசலாகக் கொடுக்க முடிகிறது. தோள்பட்டை தேய்ந்துபோன மூத்த ஷேப்பர்களுக்கு இன்னும் சில ஆண்டுகள் தொழிலில் நிற்க அது உதவியிருக்கிறது. ஆனால் கோப்பில் ஒரு இடத்தை இழுத்தால் லிட்டர் தானாக மாறும் வசதியில், எண் சரியாக வந்ததும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. திரையில் இருக்கும் பலகைக்கு மேல் யாரும் படுக்கவில்லை.

ஷேப்பர் பென்சிலால் ஸ்ட்ரிங்கர் ஓரத்தில் அளவையும் வாடிக்கையாளர் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டதும் பலகை கிளாசிங்குக்குப் போகும். கண்ணாடி இழைத் துணி, அதை ஒட்டி இறுகும் ரெசின் என்ற பிசின், அதன்மேல் இன்னொரு பூச்சு, பிறகு சாண்டிங். வால் பக்கத்து ஓரத்தின் கூர்மை ரெசினில்தான் உருவாகிறது. அதை உயிரோடு வைப்பதும் மழுங்கடிப்பதும் சாண்டிங் செய்கிறவர் கையில் இருக்கிறது. பலகையில் அவர் பெயர் இருப்பதில்லை என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஃபோம் தூளும் ரெசினிலிருந்து வரும் ஸ்டைரீன் வாடையும் தினமும் சுவாசிக்கிற இடம் வேறு. முகமூடி போடாமல் பெருமையாக வேலை செய்த தலைமுறையின் இருமலைக் கேட்டிருக்கிறேன். எங்கள் அறையில் மாஸ்க் இல்லாமல் யாருக்கும் பிளேனரைக் கொடுக்கமாட்டேன். அமெரிக்காவின் பெரும்பாலான பட்டறைகளுக்கு பிளாங்க் கொடுத்துவந்த கிளார்க் ஃபோம், 2005 டிசம்பர் 5 அன்று திடீரென்று மூடியதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் இந்த ரசாயனங்களும் அவற்றுக்கான கட்டுப்பாடுகளும் முக்கியமானவை.

ஊருக்குப் போயிருந்தபோது சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் சில காலைப் பொழுதுகள் கடற்கரையில் இருந்தேன். மீனவக் குடும்பத்துப் பையன்கள் அலையில் நிற்கும் விதம் பிரமாதம். சிறுவயதிலிருந்தே கடலைப் படித்த கால்கள். அவர்களில் ஒருவன், "அண்ணே, இது எப்பவும் பின்னாடியே இழுக்குது" என்று தன் பலகையைக் காட்டினான். வெளிநாட்டுக்காரர் ஒருவர் விட்டுப்போன பழைய பலகை. சாய்த்துப் பார்த்தேன். மேல்பரப்பில் இரண்டு ஜோடிக் குழிகள். ஆழமானவை முந்தைய சொந்தக்காரருடையவை, அவற்றுக்கு ஒரு சாண் முன்னால் இவனுடைய மெல்லிய குழிகள். 80 கிலோ ஆள் ஒருவருக்கு, செங்குத்தான அலைக்காக, நிறைய ராக்கரோடு செய்த பலகை அது. இவன் எடை 56 கிலோ. அங்கே அடிக்கடி வருவது காற்று கலைத்த, வேகம் குறைந்த அலை.

திரும்பி வந்ததும் அவனுக்கு ஒன்று வரைந்தேன். நீளம் 5 அடி 6 அங்குலம், அகலம் 19½, கனம் 2¼. ராக்கர் குறைவு, வால் அகலம், கனத்தின் மையம் அவன் முன்கால் குழிக்குச் சற்று முன்னால். ஃபோமைச் செதுக்கி முடித்துவிட்டேன். இங்கேயே கிளாஸ் செய்து அனுப்பலாம், ஆனால் சரக்குக் கட்டணமும் சுங்கமும் பலகையின் விலையை நெருங்குகின்றன, வழியில் உடையும் பயமும் இருக்கிறது. அங்கே ஏற்கெனவே உடைந்த பலகைகளை ஒட்டுகிற பையன்கள் இருக்கிறார்கள். வெறும் ஃபோமாக அனுப்பி அவர்களையே கிளாஸ் செய்யச் சொல்லலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். அந்த வெயிலில் ரெசின் சீக்கிரம் இறுகிவிடும். அதனால் ரெசினை இறுகவைக்கும் கேட்டலிஸ்டைக் குறைத்து, விடியற்காலையில் தொடங்கி வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடும்படி அளவுகளை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.