விண்டோஸுக்கான பிஎஸ்பிபியை லினக்ஸில் தொகுத்த அனுபவம்

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பால் சங்கத்துக் கணினியில் விண்டோஸ் இருக்கிறது. என் கணினியிலோ லினக்ஸின் ஒரு வகையான டெபியன். காலைப் பாலுக்கும் மாலைப் பாலுக்கும் உள்ள கொழுப்பு வேறுபாட்டைப் பார்ப்பதற்காக, எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளுக்கு மாற்றாகக் குனு திட்டம் தரும் பிஎஸ்பிபியை என் கணினியிலேயே விண்டோஸுக்குத் தொகுக்க, அதாவது மூல நிரலை ஓடும் மென்பொருளாக்க, முற்பட்டேன். ஆயத்த நிறுவல் கோப்பு கிடைக்கும்தான். ஆனால் ஆசை என்று ஒன்று இருக்கிறதே.

தொகுக்கும் கருவியான கம்பைலர், விண்டோஸுக்கான மிங்டபிள்யூ-டபிள்யூ64. தொகுக்குமுன் கணினியைச் சோதித்து ஆயத்தம் செய்யும் கான்ஃபிகர் நிரலில் 'ஹோஸ்ட்' என்பது மென்பொருள் ஓடப்போகும் கணினி, 'பில்ட்' என்பது தொகுக்கும் கணினி. ஹோஸ்டை மட்டும் கொடுத்தால் கான்ஃபிகர் ஒரு சிறு நிரலை ஓட்டிப் பார்க்கும்; லினக்ஸில் விண்டோஸ் நிரல்களை ஓட்டும் வைன் வழியாக அது ஓடிவிட்டால், இது குறுக்குத் தொகுப்பே (ஒரு வகைக் கணினியில் வேறு வகைக்குத் தொகுப்பதே) அல்ல என்று முடிவு செய்துவிடும். ஆகவே இரண்டையும் கொடுத்தேன்.

பிஎஸ்பிபிக்குத் தேவையான கணித நூலகம் ஜிஎஸ்எல் சிக்கலின்றி முடிந்தது. சாளரங்களை வரையும் ஜிடிகே 3 நூலகங்களை ஆயத்தமாகவே எடுத்துத் தனி அடைவில் வைத்து, நூலகங்கள் இருக்கும் இடத்தைத் தேடிச் சொல்லும் பிகேஜி-கான்ஃபிக்கின் 'பாத்' மாறியில் அந்த இடத்தைக் குறித்தேன். கான்ஃபிகர் முறையிடவில்லை, தொகுக்கும்போதுதான், பாயிண்டரை (நினைவக முகவரியை) வேறு அளவுள்ள முழு எண்ணாக மாற்றுவதாக எச்சரிக்கைகள் குவிந்தன. பிழையல்ல, எச்சரிக்கைதானே என்று விடக்கூடியதன்று இது. கம்பைலரான ஜிசிசியின் '-ஹெச்' விருப்பம் காட்டிய, சேர்க்கப்பட்ட கோப்புகளின் பட்டியலில், ஜிடிகேயின் அடித்தளமான ஜிலிப் நூலகத்தின் லினக்ஸுக்குரிய ஜிலிப்கான்ஃபிக் கோப்பு உள்ளே புகுந்திருந்தது. 64 பிட் லினக்ஸில் 'லாங்' என்ற முழு எண் வகை 8 பைட், 64 பிட் விண்டோஸில் 4 பைட். பாயிண்டரோ இரண்டிலும் 8 பைட். லினக்ஸ் கோப்பின் மேக்ரோக்கள் (சுருக்க நிரல் துண்டுகள்) பாயிண்டரை 'லாங்' வழியாக மாற்றுவதால், பாதி அங்கேயே வெட்டுப்படுகிறது.

'பாத்' மாறி தேடும் இடங்களோடு ஒன்றைக் கூட்டுமே தவிர, டெபியனின் சொந்த அடைவுகளை விலக்காது. 'லிப்டிர்' மாறிதான் அவற்றை முற்றாக மாற்றும். அதைக் கொடுத்ததும் கான்ஃபிகர், ஜிலிப் இல்லை என்று நின்றது. இப்படி உடனே நிற்கும் கான்ஃபிகரையே நான் விரும்புவேன். விடுபட்டதைச் சேர்த்ததும் எச்சரிக்கைகள் மறைந்தன.

தேவைப்படும் டிஎல்எல்களை (விண்டோஸ் நூலகக் கோப்புகளை) ஆப்ஜ்டம்ப் கருவியின் '-பி' விருப்பத்தால் அறிந்து உடன் வைத்தேன். சங்கக் கணினியில் சாளரம் திறந்தது. கோப்பைத் தேர்வு செய்யப் போனவுடன், ஜிசெட்டிங்ஸ் ஸ்கீமாக்கள் (அமைப்புகளை வரையறுக்கும் கோப்புகள்) இல்லை என்று கூறி மூடிக்கொண்டது. 'ஷேர்' அடைவின் கீழ் ஸ்கீமாக்களைத் தொகுத்து வைத்தபின் கொழுப்புப் பதிவேடு திறந்தது; காலை, மாலைச் சராசரிகளை ஒப்பிடும் இணை டி-சோதனையும் ஓடியது.