கடைசிப் பத்தி

2010 ஜூன் 28, திங்கட்கிழமை. கோவையில் செம்மொழி மாநாடு முந்தைய நாள்தான் முடிந்திருந்தது; தென்னாப்பிரிக்காவில் உலகக் கோப்பைக் கால்பந்து நடந்துகொண்டிருந்தது. நான் உதவி ஆசிரியராகப் பணியாற்றிய நாளிதழில் அயல்நாட்டுச் செய்திகளுக்கு ஒதுக்கப்பட்டிருந்த ஒரே பக்கத்தின் கீழ்ப்பாதி அன்று விளம்பரத்துக்குப் போய்விட்டது. அமெரிக்க செனட்டர் ராபர்ட் பேர்ட் தமது 92ஆம் வயதில் காலமானார் என்ற செய்தி பிற்பகலில் வந்தபோது, "தம்பி, இருநூறு சொல்லுக்குள் முடித்துவிடுங்கள்" என்று பொறுப்பாசிரியர் சொன்னதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

இருநூறு சொல்லுக்குள் அடங்குகிற வாழ்க்கை அல்ல அது. ஒரு வயது நிறைவதற்கு முன்னரே 1918ஆம் ஆண்டின் கொள்ளைக் காய்ச்சலில் தாயைப் பறிகொடுத்து, மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரிச் சுரங்க ஊர்களில் உறவினரிடம் வளர்ந்தவர்; இறைச்சிக் கடையிலும் கப்பல் கட்டுந்துறையிலும் வேலை பார்த்தவர்; நாடாளுமன்ற உறுப்பினரான பிறகு மாலை வகுப்புகளில் சட்டம் படித்து 1963இல் பட்டம் பெற்றவர். 1959 முதல் இறக்கும்வரை 51 ஆண்டுகள் செனட்டில் இருந்தார். அதற்கு முந்தைய ஆறு ஆண்டுகள் பிரதிநிதிகள் சபையில். ஏழை மாநிலமான மேற்கு வர்ஜீனியாவுக்கு அவர் கொண்டுசேர்த்த நிதியில் உருவான சாலைகளும் பாலங்களும் கட்டடங்களும் வரிசையாக அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன. கிரீன் பேங்க் என்ற ஊரிலுள்ள மாபெரும் வானொலித் தொலைநோக்கிக்கும் அவர் பெயர்தான்.

இன்னொரு பக்கமும் உண்டு. 1940களின் தொடக்கத்தில் அவர், கறுப்பின மக்களை வன்முறையால் ஒடுக்கிய வெள்ளை இனவெறி அமைப்பான கூ கிளக்ஸ் கிளானில் சேர்ந்தார். வெறுமனே சேரவில்லை, தம் வட்டாரத்தில் ஆள் திரட்டிக் கிளை தொடங்கி, அதன் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்தப் பதவியின் பெயரைத் தமிழாக்கினால் 'மேன்மைமிகு ஒற்றைக்கண் அரக்கர்' என்று வரும். நாங்கள் அதைத் தவிர்த்து, 'உள்ளூர்க் கிளைத் தலைவர்' என்று எழுதினோம். சிரிப்பை வரவழைக்கும் பெயர்களுக்குப் பின்னால் அந்த அமைப்பு செய்தவை சிரிப்புக்குரியவை அல்ல.

நான் செய்த பிழை, உண்மையை மறைத்தது அல்ல. அதை வைத்த இடம். செய்தியைத் தலைகீழ்க் கூம்பாக எழுத வேண்டும், முக்கியமானது மேலே, துணைத் தகவல் கீழே என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். மரணம், பதவிக்காலம், ஈராக் போருக்கு அவர் காட்டிய கடும் எதிர்ப்பு ஆகியவற்றை முதலில் எழுதி, "இளமையில் கிளான் அமைப்பில் இருந்தார், ஆனால் பின்னர் பலமுறை வருத்தம் தெரிவித்தார்" என்ற வரிகளைக் கடைசிப் பத்தியாக வைத்தேன். இறந்தவரைப் பற்றிய கசப்பைக் கடைசியில் சொல்வதே பண்பு என்று எண்ணியிருக்கலாம். இரவு பக்கம் கட்டும்போது நான்கு வரி மிகுந்தது. பக்கம் அமைப்பவர், தொழில் வழக்கப்படி, அடியிலிருந்து வெட்டினார். முதலில் அச்சுக்குப் போகும் வெளியூர்ப் பதிப்பில் கிளான் என்ற சொல்லே இல்லாத ஒரு ராபர்ட் பேர்ட் அச்சேறினார்.

அச்சுப் பிரதி மேசைக்கு வந்தபோதுதான் பார்த்தேன். நகரப் பதிப்புக்கு இன்னும் நேரமிருந்தது. பொறுப்பாசிரியர் கோபப்படவில்லை, விட்டுப்போன நான்கு வரியைக் கேட்டு வாங்கிப் படித்தவர், பேனாவால் இரண்டு சொற்களைச் சுழித்தார். ஒன்று 'இளமையில்'. மற்றது 'ஆனால்'.

"இவர் 1964இல் என்ன செய்தார்?" என்று கேட்டார். கறுப்பின மக்களுக்குச் சம உரிமை வழங்கிய குடிமை உரிமைச் சட்டத்தைத் தடுக்க, வாக்கெடுப்பு நடக்கவிடாமல் செனட்டில் 14 மணி நேரத்துக்கு மேல் ஒரே மூச்சாகப் பேசினார். அப்போது அவருக்கு வயது 46. மறு ஆண்டு வாக்குரிமைச் சட்டத்தையும் எதிர்த்தார். 1967இல் தர்குட் மார்ஷல் உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியாக நியமிக்கப்பட்டபோது எதிர்த்து வாக்களித்த 11 பேரில் ஒருவராக இருந்தார். இவை எதுவும் இளமைப் பிழை ஆகாது. மார்ட்டின் லூதர் கிங் பிறந்தநாளைத் தேசிய விடுமுறையாக்கும் மசோதாவை 1983இல் அவர் ஆதரித்ததும் உண்மையே.

'ஆனால்' என்ற சொல்லைப் பற்றிப் பொறுப்பாசிரியர் சொன்னது வேறு. தமிழில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் வருவதுதான் தீர்ப்பாக நிற்கும்; முன்னால் வருவது அடங்கிப்போகும். வரிகளை இடம் மாற்றினால் மன்னிப்பு அடங்கிக் குற்றம் நிமிரும். "ஆண்டைப் போடுங்கள், செய்ததைப் போடுங்கள். ஆனாலை வாசகர் போட்டுக்கொள்வார்" என்றார். ஈராக் பத்தியைக் குறுக்கி, 1964ஐ இரண்டாம் பத்திக்கு ஏற்றி, நகரப் பதிப்பை அனுப்பினோம்.

அவர் அவ்வளவு கண்டிப்புக் காட்டியதற்கு ஒரு பழைய வடு காரணம். 2003 ஜூனில், நூறு வயதைக் கடந்து இறந்த ஸ்ட்ரோம் தர்மண்டுக்கு அஞ்சலிக் குறிப்பு எழுதியவர் அவர். குடிமை உரிமை மசோதாவுக்கு எதிராக 1957இல் 24 மணி 18 நிமிடம் தனியாளாகப் பேசிய தென் கரோலினா செனட்டர் அந்தத் தர்மண்ட். ஆறு மாதம் கழித்து, அவர் பெற்றோர் வீட்டில் வேலை பார்த்த கறுப்பினப் பெண்ணுக்கு அவர் மூலம் பிறந்த மகள், 78 வயதில், தம் தந்தை யாரென்று உலகுக்குச் சொன்னார். இனக்கலப்பே கூடாதென்று அரசியல் செய்தவரைப் பற்றிய கணக்கு, அவர் அடக்கமான பிறகு மாறியது. கொலம்பியா நகரிலுள்ள அவர் சிலையின் பீடத்தில் பிள்ளைகளின் எண்ணிக்கையைத் திருத்தி, அந்த மகளின் பெயரையும் பொறித்தார்கள். கல்லில் திருத்த முடிந்ததைத் தாளில் எங்களால் திருத்த முடியவில்லை.

பேர்டின் நினைவுக் கூட்டத்தில், தேர்தலில் வெல்ல முயன்ற மலைநாட்டு இளைஞர் செய்யக்கூடாததைச் செய்துவிட்டு வாழ்நாள் முழுவதும் அதை ஈடுகட்டினார் என்ற பொருளில் பில் கிளின்டன் பேசினார். அதன் பிற்பாதியை நான் ஏற்கிறேன்; கறுப்பின மக்களின் மூத்த உரிமை அமைப்பே அவருக்கு இரங்கல் தெரிவித்திருக்கும்போது, சென்னையிலிருந்து நான் கூடுதல் கண்டிப்புக் காட்ட உரிமையில்லை. முற்பாதியை ஏற்க முடியவில்லை. கறுப்பினத்தவரோடு ஒரே படையில் நின்று போரிட மாட்டேன் என்று 1940களின் நடுவில் அவர் எழுதியது, இன்னொரு செனட்டருக்கு அனுப்பிய தனிக் கடிதத்தில். வாக்காளர் எவரும் படிக்காத கடிதத்தால் என்ன வாக்குக் கிடைத்திருக்கும்?

எங்கள் அலுவலக நூலகக் கோப்பில் நகரப் பதிப்பை மட்டும்தான் சேர்ப்பார்கள். வெளியூர்ப் பதிப்பின் அந்தப் பக்கத்தை நான் மடித்து வீட்டுக்கு எடுத்துவந்தேன்; திருநெல்வேலியிலும் தஞ்சாவூரிலும் மறுநாள் காலை அதைப் படித்தவர்களுக்கு மறுப்போ திருத்தமோ எதையும் நாங்கள் வெளியிடவில்லை.