எத்தனையாவது நாள்?

கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போய்வந்த வருஷங்களில் நான் பயந்தது முள்ளோடை நெரிசலுக்கு இல்லை, மாசத்தில் மூன்று நாலு நாள் உள்பாவாடை வரைக்கும் நனைக்கிற வெள்ளைப்படுதலுக்குத்தான். சீட்டை விட்டு எழுந்ததும் பின்பக்கம் சுடிதாரை இழுத்துவிட்டுக்கொள்வது எனக்கே தெரியாத பழக்கமாகிவிட்டது.

வயசுக்கு வந்த புதிதிலேயே அத்தை தீர்ப்பு சொல்லிவிட்டார், இது உடம்புச் சூடு, விட்டால் எலும்பு உருகிப் போய்விடும். அதனால் மோரில் ஊறவைத்த வெந்தயம், சோற்றுக்கற்றாழை, தொப்புளில் நல்லெண்ணெய். நான் வேறு ஒல்லி, எலும்பு உருகுவதற்கு சாட்சியாக என் மணிக்கட்டைத்தான் பிடித்துக் காட்டுவார். கருப்பு ஜட்டியின் நடுவில் செம்பட்டையாக வெளுத்துப்போன திட்டைப் பார்த்து, துணியையே இப்படித் தின்கிறதே, உள்ளே என்னத்தை அரிக்கிறதோ என்று நானும் நம்பினேன். (அந்த ஜட்டியைப் பாவாடைக்கு அடியில் ஒளித்துக் காயப்போடுவோம், நம்மூர்க் கடல்காற்றில் அது எந்தக் காலத்தில் காய்ந்தது.)

கடைசியில் 27 வயதில், புதுச்சேரியில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். அரிப்பு இருக்கா, எரிச்சல், நாற்றம், அடிவயிற்று வலி? எதுவும் இல்லை. "சரி, தலைக்குக் குளிக்கிற கணக்கெல்லாம் விடு, பீரியட்ஸ் ஆரம்பிச்ச நாள்லேருந்து இன்னைக்கு எத்தனையாவது நாள்?" விரல்விட்டு எண்ணி 15 என்றேன். பரிசோதித்துப் பார்த்துவிட்டு மாத்திரையே எழுதவில்லை, எந்த நாள் எப்படிப் படுகிறது என்று மூன்று மாசம் தினமும் குறித்துக்கொண்டு வா என்று அனுப்பிவிட்டார்.

சமையலறைக் காலண்டரில் புள்ளி வைக்க ஆரம்பித்தேன். பால்காரருக்கு ஏன்டி ரெண்டு கணக்கு என்று அம்மா கேட்டார்.

பீரியட்ஸ் நின்றதும் ரெண்டு மூன்று நாள் ஒன்றுமே இருக்காது. அப்புறம் பசை மாதிரி கொஞ்சம், பிறகு பாலாடை பதத்தில், அதன்பின் 13, 14 வாக்கில் திடீரென்று தெளிவாக, வழவழவென்று, ரெண்டு விரலுக்கு நடுவில் இழுத்தால் வெண்டைக்காய் நறுக்கும்போது வருகிற நூல் போல அறுபடாமல் நீளும். பஸ்ஸில் என்னைப் படுத்தியது இதுதான். கருமுட்டை வெளிவரப் போகிறது என்று ஈஸ்ட்ரோஜன் என்கிற ஹார்மோன் ஏறும்போது கருப்பை வாய் சுரப்பது இது. விந்தணு இதில் 5 நாள் வரை உயிரோடு இருக்கும், முட்டைக்கோ ஒரு நாள்தான் ஆயுசு. முட்டை வெளிவந்தபின் புரோஜெஸ்டிரோன் என்கிற இன்னொரு ஹார்மோன் ஏறி எல்லாம் கெட்டியாகிக் குறைந்துவிடும். எனக்கு 30 நாள் சுற்று. முட்டை வருவது அடுத்த பீரியட்ஸுக்குச் சுமார் 14 நாள் முன்னால் என்பதால் உங்களுக்கு இந்தத் தேதி மாறும், ஒரே ஆளுக்கே மாசத்துக்கு மாசம் தள்ளிப்போகும். அதனால் புள்ளியை மட்டும் நம்பிக் குழந்தையைத் தள்ளிப்போடப் பார்க்காதீர்கள்.

கருப்பு ஜட்டியை வெளுக்க வைத்ததும் நோய் இல்லை, அமிலம். பிறப்புறுப்புக்குள் குடியிருக்கிற லாக்டோபேசில்லஸ் என்கிற நல்ல கிருமி, தயிர்க் கிருமிக்கு உறவுக்காரர், லாக்டிக் அமிலம் சுரந்து பிஎச் அளவை (குறையக் குறைய அமிலம் அதிகம்) 3.8 முதல் 4.5 வரை வைத்திருக்கிறது, வேண்டாத கிருமி தங்காமலிருக்க. சோப்பும் கிருமிநாசினியும் போட்டு உள்ளே கழுவுகிறவர்கள் இந்தக் காவலைத்தான் விரட்டுகிறார்கள். நானும் வருஷக்கணக்கில் அதைச் செய்தவள்தான்.

காலண்டர் நிஜமாக உதவியது ஒரு தடவை. பல்வலிக்கு ஆன்டிபயாடிக் சாப்பிட்டு முடித்த வாரம், 22ஆம் நாள், எதுவும் வரக்கூடாத நேரத்தில் திரிந்த பால் போலத் திட்டுத்திட்டாக, தாங்க முடியாத அரிப்போடு வந்தது. இது என்னுடையது இல்லை என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. பூஞ்சைத் தொற்று, சிகிச்சை எடுத்ததும் போய்விட்டது. சாம்பல் நிறத்தில் மீன் வாடையோடு வந்தாலும் (துறைமுகத்துப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம்), பச்சையாக நுரைத்து வந்தாலும், கூடவே காய்ச்சலோ அடிவயிற்று வலியோ இருந்தாலும், உறவுக்குப் பின் ரத்தம் பட்டாலும் டாக்டரிடம் போய்விடுங்கள். பீரியட்ஸ் அடியோடு நின்றுபோன அம்மாக்களுக்கு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அப்படித்தான், அவர்களாக வாயைத் திறக்க மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும்.

அத்தை இன்னும் வெந்தய மோர் கொடுத்தனுப்புகிறார். மஞ்சக்குப்பம் வெயிலுக்கு நல்லாத்தான் இருக்கிறது, குடித்துவிடுகிறேன்.