மூன்று மாதம் காசநோய் மருந்து, காசநோய் இல்லாமலே

ஓயாத வயிற்றுப்போக்கு, வலது அடிவயிற்றில் வலி, ஐந்து மாதத்தில் ஒன்பது கிலோ குறைந்திருந்தேன். பார்த்தவர்கள் எல்லாரும் ‘ஏதோ கிருமி’ என்று ஆன்டிபயாடிக் எழுதினார்கள். ஒவ்வொரு முறையும் நாலு நாள் நன்றாக இருக்கும், அப்புறம் பழைய கதைதான். அந்த நாலு நாள்தான் என்னை ஏமாற்றியது. மருந்து கேட்கிறதே, அப்போ கிருமிதானே என்று நினைத்தேன்.

குடல் மருத்துவரிடம் போன பிறகுதான் விஷயம் ஓர் ஒழுங்குக்கு வந்தது. முதலில் மலப் பரிசோதனை. ஆன்டிபயாடிக் நிறையச் சாப்பிட்டவர்களைப் பிடிக்கும் ‘சி. டிஃபிசில்’ என்ற பாக்டீரியாவையும் தேடினார்கள். குடல் அழற்சி தீவிரமானது போலவே அது வேஷம் போடுமாம். கிருமி எதுவும் இல்லை. ஆனால், குடல் அழற்சியைக் காட்டும் கால்ப்ரோடெக்டின் என்ற புரதம் மலத்தில் 900-ஐத் தாண்டியிருந்தது. 50-க்குக் கீழே இருக்க வேண்டியது.

அடுத்து கொலோனோஸ்கோபி, அதாவது கேமரா வைத்த குழாயை உள்ளே விட்டுக் குடலைப் பார்ப்பது. முந்தைய இரவு அந்தப் பேதிக் கரைசலைக் குடித்து முடிப்பதுதான் கஷ்டம், மற்றதெல்லாம் தூக்கத்திலேயே முடிந்துவிட்டது. சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடத்தில் புண்கள். குடலில் தீராத அழற்சியை உண்டாக்கும் கிரோன் நோய்க்குப் பிடித்த இடம் அது. காசநோய்க்குப் பிடித்த இடமும் அதுவேதான்.

மருத்துவர் ஒரு தாளில் குடலை வரைந்தார். புண் நீளவாக்கில் ஓடினால் கிரோன் பக்கம், குறுக்கே வளையமாகப் போனால் காசநோய் பக்கம். என்னுடையது இரண்டும்கெட்டான். பயாப்ஸிக்கு எடுத்த சதைத்துணுக்கில் கிரானுலோமா என்ற அழற்சி செல்களின் சிறு முடிச்சு இருந்தது, ஆனால் காசநோய்க்கே உரிய நைந்த நடுப்பகுதி இல்லை. சாயமிட்டுப் பார்த்தும் கிருமி தெரியவில்லை, கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனையும் நெகட்டிவ். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் முடிவு வர வாரக்கணக்கில் ஆகும்.

“வரவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமில்லை. குடல் காசநோயில் கிருமிகள் ரொம்பச் சொற்பம்” என்றார்.

கிரோனுக்கு ஸ்டீராய்டு கொடுக்கலாம். உள்ளே காசநோய் இருந்தால் அதே ஸ்டீராய்டு அதை உடம்பெல்லாம் பரப்பிவிடும். மாறாக, கிரோனைக் காசநோய் என்று நினைத்து மருந்து கொடுத்தால் சில மாதங்கள் வீண், குடல் சுருங்கும் ஆபத்தும் உண்டு. இரண்டில் முதல் தவறுதான் பெரிது என்பதால் காசநோய் மருந்து தொடங்கினோம்.

காசநோய் மாத்திரைகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். மறந்துபோய், முதல் நாளே கழிப்பறையில் பதறி நின்றேன். கல்லீரலுக்காக அடிக்கடி ரத்தப் பரிசோதனை. மூன்றாவது வாரம் பசி திரும்பியது, ஒன்றரை கிலோ ஏறினேன். காசநோய்தான் என்று நானே தீர்ப்புச் சொல்லி, எல்லாருக்கும் போன் செய்தேன். மருத்துவர் அசையவில்லை. கிரோன் நோயாளிகள் சிலருக்கும் இந்த மருந்தில் தொந்தரவு குறையுமாம். புண் ஆறினால்தான் கணக்கு என்றார்.

காத்திருந்த நாட்களில் நிறையப் படித்தேன். கிரோன் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் 1932-இல் இந்த நோயை விவரிப்பதற்கு முன்பே, 1913-இல் டால்ஸீல் என்ற ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் இதே மாதிரி நோயாளிகளைப் பற்றி எழுதி, மாடுகளுக்கு வரும் ஜோனீ நோய் போல இருக்கிறது என்று குறிப்பிட்டிருக்கிறார். அந்த மாட்டு நோய்க்குக் காரணம் காசநோய்க் கிருமியின் உறவுக்காரப் பாக்டீரியா ஒன்று. படித்ததும் துள்ளிக் குதித்தேன். கிரோனுக்கும் அந்தக் கிருமிதான் காரணமோ என்று அடுத்த சந்திப்பில் கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. அந்தக் கிருமியைக் குறிவைத்து ஆஸ்திரேலியாவில் 213 பேருக்கு நடந்த, 2007-இல் வெளியான ஆய்வைச் சொன்னார். ஒரு பிரிவினருக்கு இரண்டு வருடம் மூன்று ஆன்டிபயாடிக். 16-வது வாரத்தில் அவர்களுக்குக் கொஞ்சம் பலன் தெரிந்தது, பிறகு நிலைக்கவில்லை. என் நாலு நாள் கதையேதான்! கிரோனோடு 2001-இல் தொடர்புபடுத்தப்பட்ட நாட்2 மரபணு, பாக்டீரியாவின் சுவர்த் துணுக்குகளை அடையாளம் காணும் வேலையைச் செய்கிறது என்றும் சொன்னார். ஒரே ஒரு குற்றவாளிக் கிருமியைத் தேடிக்கொண்டிருந்தேன். குடலில் வழக்கமாகக் குடியிருக்கும் பாக்டீரியாக் கூட்டத்தோடு என் உடம்பே சண்டைக்கு நிற்கலாம் என்பது அன்றுதான் உறைத்தது.

மூன்றாவது மாத முடிவில் இரண்டாவது கொலோனோஸ்கோபி. பழைய புண்கள் அப்படியே, பக்கத்தில் புதிதாக ஒன்று. கல்ச்சரிலும் எதுவும் வளரவில்லை. காசநோய் மாத்திரைகள் நின்றன, கிரோன் சிகிச்சை தொடங்கியது.

சில மாதம் கழித்து, நோய் எதிர்ப்பின் ஒரு பகுதியை அடக்கி அழற்சியைக் குறைக்கும் பயாலஜிக் ஊசிக்கு மாற்றினார்கள். அதற்கு முன்பு, மறைந்திருக்கும் காசநோய் உண்டா என்று பார்க்க வேண்டுமாம். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. படிவத்தில் ‘முன்பு காசநோய் மருந்து எடுத்ததுண்டா?’ என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்று டிக் செய்தேன். பக்கத்தில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம். ‘காசநோயா என்று தெரிந்துகொள்ள’ என்று எழுதிக் கொடுத்தேன்.