வெள்ளை பூசாத பனி

ஜப்பானிய ஓவியர் கவாசே ஹசுய் வரைந்து 1925இல் வெளியான 'ஷிபா ஸோஜோஜி' மரப்பலகை அச்சைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். டோக்கியோவின் பௌத்தக் கோயில், அதன் சிவப்பு வாசல், முன்னே பைன் மரம், காற்றுக்கு எதிரே குடையைச் சாய்த்து நடக்கும் ஒரு பெண். தரையிலும் கூரையிலும் கிடக்கும் பனி பெரும்பாலும் வெறும் தாள்தான்!

நிறத்துக்கு நிறம் தனிச் செர்ரிப் பலகை. வெள்ளையாக விட வேண்டிய இடத்தை எல்லாப் பலகையிலும் பள்ளமாகச் செதுக்கிவிடுவார்கள்; அங்கே வண்ணம் ஒட்டாது. பலகை ஓரத்தில் 'கென்தோ' என்ற சிறு வெட்டு இருக்கும். தாளை ஒவ்வொரு தடவையும் அதில் பொருத்தித்தான் வைக்கணும். அரை மில்லிமீட்டர் விலகினாலும் சிவப்புச் சுவருக்கு முன்னால் விழும் பனித்துகளின் ஓரத்தில் வேறு நிறம் ஏறிவிடும்.

இந்த விலகலுக்குப் பெரும்பாலும் தாளின் ஈரம்தான் காரணம். பசையும் படிகாரமும் பூசிய தாளை நனைத்துப் பதமாக வைத்து, 'பாரென்' என்ற வட்டத் தேய்ப்பானால் பின்பக்கம் தேய்த்து எடுப்பார்கள். ஈரம் மிஞ்சினால் வண்ணம் கசியும். பாதியில் காய்ந்தால் தாள் சுருங்கி அடுத்த பலகை பொருந்தாது. வடிவம் வரைந்த ஹசுய்க்கு இணையாக, அச்சடித்தவரையும் கும்பிடத் தோன்றும் இடம் இது.

பழைய பிரதி வாங்குகிறவர்கள் முதலில் பனியைப் பாருங்கள். வெறும் தாள் என்பதால் பழுப்புப் புள்ளி அங்கேதான் பளிச்சென்று தெரியும். சட்டம் போட்டால் அமிலமில்லாத அட்டை வையுங்கள். வெயில் படும் சுவர் வேண்டவே வேண்டாம்.