கத்தரிக்காய்க் கணக்கும் உப்பிய பேட்டரியும்

2025 மே மாதம், அக்னி நட்சத்திர வெயிலில் அம்மாவின் போன் உப்பிக்கொண்டது. திரையின் இடப்பக்க ஓரம் ஒரு நெல்மணி கனத்துக்கு எழும்பி நின்றது. மறுநாள் காலை திரையில் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் விரலால் எங்கே தொட்டாலும் அசைவில்லை.

அம்மா இலவம்பாடியில் அரை ஏக்கரில் முள்ளு கத்தரி பயிரிடுகிறார். 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதே கத்தரிக்காய்தான். அவருக்கு எழுதுவது சிரமம். அதனால் கணக்கு நோட்டு வைத்துக்கொண்டதே இல்லை. ஒவ்வொரு இரவும் குடியாத்தத்தில் இருக்கும் சித்திக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புவார். இன்று எத்தனை கூடை இறங்கியது, வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் யார் எடுத்தார்கள், கைக்கு வந்தது எவ்வளவு, நின்றது எவ்வளவு என்று ஒன்று விடாமல் அதில் சொல்லிவிடுவார். கிணற்றில் எத்தனை படி தண்ணீர் என்பதும் அதிலேயே வரும். ஐந்து வருடக் கணக்கு அந்தக் குரலில்தான் இருந்தது. சித்தியின் போனில் கேட்கலாமே என்றால், இடம் போதவில்லை என்று அவர் மாதாமாதம் எல்லாவற்றையும் அழித்துவிடுகிறவர். கூகுள் கணக்கில் பேக்கப் இருக்குமா என்று பார்த்தேன். இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி, உறவினர்கள் அனுப்பிய வீடியோக்களால் நிரம்பி, பேக்கப் எப்போதோ நின்றுபோயிருந்தது.

முதலில் வேலூர் பழைய பஸ் நிலையத்தின் பக்கம் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் ஓரத்தை ஒருமுறை அழுத்திப் பார்த்தார். டிஸ்ப்ளே போய்விட்டது, புதிதாகப் போட 2,800 ரூபாய் என்றார். பேட்டரியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அங்கேயே போனை அணைத்துத் திரும்ப இயக்கினார். அதுதான் எனக்குப் பெரிய சங்கடமாகிவிட்டது. அதுவரை கைரேகை வைத்தால் திறந்துகொண்டிருந்தது. அணைத்து எழுப்பிய ஆண்ட்ராய்டு போன், முதல் தடவை பேட்டர்ன் போட்டே ஆகவேண்டும் என்று கேட்கும். கைரேகை அப்போது செல்லாது.

அடுத்துப் போனது கம்பெனியின் சேவை மையம். டோக்கன் வாங்கி இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். பழுது பார்க்கும்போது உள்ளே இருப்பது அழிந்தால் எங்கள் பொறுப்பல்ல என்று ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து கேட்டார்கள். பதிவுகளை மட்டும் முதலில் எடுத்துத் தாருங்கள் என்று கேட்டேன். அது எங்கள் வேலை இல்லை என்று அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள். அம்மாவின் ஐந்து வருட உழைப்பு அதற்குள் இருக்கிறது என்று அந்த மேசைக்கு முன்னால் நின்று சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. கையெழுத்துப் போடாமல் வெளியே வந்தேன்.

இந்த உப்பல் ஏன் வருகிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. லித்தியம் பேட்டரிக்குள் இருக்கும் திரவம் சூட்டிலும் வயதிலும் சிதைந்து வாயுவாகிறது. வெளிப்பை வெள்ளி நிறத் தாள் போன்றது, ஒட்டி மூடப்பட்டது. வாயு போக வழியில்லாமல் தலையணை போல உப்புகிறது. அம்மா போனை மோட்டார் கொட்டகையில், தகரக் கூரைக்குக் கீழே சார்ஜ் போடுவார். வேலூர் வெயிலில் அந்தத் தகரத்தைக் கையால் தொட முடியாது. உப்பிய பேட்டரியைக் குத்தக் கூடாது, அழுத்தக் கூடாது, திரும்பச் சார்ஜ் ஏற்றவும் கூடாது. தீப்பிடிக்கும். நான் போனை அணைத்து, மணல் பரப்பிய மண்சட்டியில் வைத்து, வீட்டுக்கு வெளியே திண்ணையில் வைத்தேன்.

அப்படியானால் மிச்சம் இருக்கும் சார்ஜுக்குள் எல்லாம் முடியவேண்டும். 41 சதவீதம் இருந்தது.

தொடுதிரை செத்தாலும் படம் தெரிகிற போனில் ஒரு வழி உண்டு. ஓ.டி.ஜி. என்று கேட்டால் கடைகளில் ஒரு சின்ன ஒயர் தருவார்கள். எனக்கு 80 ரூபாய் ஆனது. அதன் ஒரு முனையைப் போனின் சார்ஜ் துளையில் செருகி, மறுமுனையில் கம்ப்யூட்டர் மவுஸை மாட்டினால் திரையில் அம்புக்குறி வந்துவிடும். சில கம்பெனி போன்களில் ஓ.டி.ஜி.யை முன்கூட்டியே செட்டிங்ஸில் இயக்கி வைத்திருந்தால்தான் வேலை செய்யும். திரை நன்றாக இருக்கும்போதே உங்கள் போனில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அம்மாவின் போனில் அந்தத் தொல்லை இல்லை. பரணில் கிடந்த பழைய மவுஸ் வட்ட முனை கொண்டது, அது பொருந்தாது. பக்கத்து வீட்டில் யு.எஸ்.பி. மவுஸ் இரவல் வாங்கினேன்.

பேட்டர்ன் என்ன என்று அம்மாவைக் கேட்டேன். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. விரலுக்குத்தான் தெரியும் என்றார். கோலமாவை எடுத்து வந்து தரையில் ஒன்பது புள்ளி வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரே இழுப்பாக இழுத்துக் காட்டினார். மேல் இடது மூலையில் தொடங்கி, நடுப்புள்ளியைத் தொட்டு, கீழே போய் வலப்பக்கம் ஏறும் கோடு. மவுஸின் இடது பொத்தானை விடாமல் அமுக்கிக்கொண்டு அதே வழியில் நகர்த்தினேன். இரண்டு முறை தவறியது. மூன்றாம் முறை திறந்தது. அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

கம்ப்யூட்டருக்கு மாற்றலாம் என்றால் போனில் இருப்பது ஒரே துளை. ஒயரைப் பிடுங்கிக் கம்ப்யூட்டரில் மாட்டினால் மவுஸ் போய்விடும், "ஃபைல் மாற்றம்" என்று திரையில் தேர்ந்தெடுக்க வழியிருக்காது. கம்ப்யூட்டர் உப்பிய பேட்டரிக்குச் சார்ஜும் ஏற்றும். ஆகவே நான்கு வாய் கொண்ட யு.எஸ்.பி. ஹப் ஒன்றை வாங்கி, மவுஸையும் பென் டிரைவையும் சேர்த்து மாட்டினேன். பென் டிரைவைப் போன் கண்டுகொள்ளவில்லை. அதில் ஃபைல்களை அடுக்கும் முறை என்.டி.எஃப்.எஸ். வகையில் இருந்தது. கம்ப்யூட்டரில் மாட்டி ஃபேட் 32 வகைக்கு மாற்றிய பிறகு போனில் தெரிந்தது. இதற்குள் 33 சதவீதமாகிவிட்டது. திரை அணைந்து அணைந்து பூட்டிக்கொண்டதால் அதன் நேரத்தைப் பத்து நிமிடமாக நீட்டினேன். இதை முதலிலேயே செய்திருக்கவேண்டும்.

குரல் பதிவுகள் இருக்கும் இடத்தைச் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். போனின் ஃபைல் பட்டியலில் "ஆண்ட்ராய்டு", அதற்குள் "மீடியா", அதற்குள் வாட்ஸ்அப்பின் ஃபோல்டர், அங்கே "வாய்ஸ் நோட்ஸ்". உள்ளே வாரத்துக்கு ஒரு ஃபோல்டர். 202518 என்றிருந்தால் 2025-ஆம் ஆண்டின் 18-ஆவது வாரம். ஒவ்வொரு பதிவின் பெயரிலும் தேதி இருக்கிறது. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து நகல் எடுக்கக் கொடுத்தேன். 600 எம்பி அளவுதான். ஆயிரக்கணக்கான சின்னப் பதிவுகள் என்பதால் மெதுவாக நகர்ந்தது. முடிந்தபோது 17 சதவீதம். உடனே அணைத்து மண்சட்டியில் வைத்துவிட்டேன்.

பழுது பார்த்தது காட்பாடியில் ஒரு சின்னக் கடை. அந்தத் தம்பி திரையின் ஓரத்தைச் சூடேற்றி, பசை இளகியதும் மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை விட்டுத் திறந்தார். பேட்டரியின் அடியில் ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, அது கிழியாமல் எடுக்கவே கால் மணி நேரம் ஆனது. புதியதைப் போட்டு, கழன்றிருந்த திரையின் ரிப்பனை, அதாவது திரையை உள்ளே இணைக்கும் பட்டை ஒயரை, அழுத்தி மாட்டினார். தொடுதிரை வேலை செய்தது. டிஸ்ப்ளே போகவே இல்லை! உப்பல் தூக்கியதில் ரிப்பன் விலகியிருக்கிறது, அவ்வளவுதான். மொத்தம் 900 ரூபாய். பழைய பேட்டரியைக் குப்பையில் போடாமல் மின்கழிவு எடுப்பவரிடம் சேர்ப்பதாக அவரே வாங்கிக்கொண்டார்.

அன்று அம்மா கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. வயலில் கேட்கும் சின்ன எஃப்.எம். ரேடியோவை அவர் எடுத்துக் காட்டினார். அந்தக் காலத்து நோக்கியா 1100-இல் வந்த அதே பி.எல். 5சி அளவு பேட்டரிதான் அதில். இரண்டு வருடம் முன்பு அதுவும் உப்பியது. அம்மா நகத்தால் மூடியைத் தள்ளி, பழையதை எடுத்து, நூறு ரூபாய்க்குப் புதியதை வாங்கிப் போட்டுவிட்டார். "இதில் முடிகிறது, பத்தாயிரம் கொடுத்து வாங்கினதில் ஏன் முடியவில்லை?" என்றார். பேட்டரியைப் பசை போட்டு ஒட்டி மூடுவது வாங்குகிறவருக்குச் செய்யும் அநியாயம் என்றே நானும் நினைக்கிறேன். ஐரோப்பிய ஒன்றியம், சாதனங்களின் பேட்டரியைப் பயன்படுத்துபவரே கழற்றி மாற்றும்படி வைக்கவேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறது. 2027 பிப்ரவரி 18 முதல் அது நடைமுறைக்கு வருகிறது. நம் நாட்டில் 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று அரசு இணையதளம் ஒன்று தொடங்கியிருக்கிறது. ஐரோப்பாவில் போட்டது போன்ற கட்டாயம் இங்கேயும் வரவேண்டும்.

ஞாயிறுதோறும் அந்த ஃபோல்டரை நான் நகல் எடுத்துவிடுகிறேன். சார்ஜர் இப்போது வீட்டுக்குள், தண்ணீர்ப் பானை இருக்கும் குளிர்ந்த மூலைக்கு எட்டடி தள்ளி இருக்கிறது. போன வாரம் ஒரு மண்டிக்காரர் மார்ச் மாதப் பாக்கி எதுவும் இல்லை என்றார். அம்மா தேதியைச் சொன்னார், நான் பதிவைத் தேடி ஒலிக்க விட்டேன். "பதினான்கு கூடை, ஆறு கூடைக்குப் பணம் நின்றது, வெள்ளிக்கிழமை தருவதாகச் சொன்னார்." மண்டிக்காரர் தலையசைத்துவிட்டு, கல்லாவைத் திறந்து எண்ணத் தொடங்கினார்.