லேஸ் முடிச்சைக் கடைசியிலிருந்து கற்பித்தல்

வெல்க்ரோ பட்டை வைத்த ஷூக்கள் வந்த பிறகு, லேஸ் கட்டத் தெரியாமலேயே ஒரு பிள்ளை பல வகுப்புகளைத் தாண்டிவிட முடிகிறது. அதில் எனக்குப் பெரிய வருத்தம் எதுவும் இல்லை. அவசரமான காலை நேரங்களில் அந்தப் பட்டை எவ்வளவு உதவி என்பது பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்புகிற எவருக்கும் தெரியும். ஆனால் ஓடுவதற்கென்று வாங்கும் ஷூக்களில், கால் அளவு கொஞ்சம் பெரிதானவுடன், லேஸைத் தவிர்க்க முடிவதில்லை. என் மகளுக்கு ஆறு வயது நடக்கும்போது அந்த நிலை வந்தது. பெரியவர்களின் கை யோசிக்காமல் செய்துவிடுகிற ஒரு வேலையைக் குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தால், எங்கிருந்து தொடங்குவது என்பதே முதல் கேள்வியாக நிற்கிறது. கடைசியிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே என் பதில்.

பொதுவாக ஐந்து வயதுக்கும் ஏழு வயதுக்கும் இடையில் பிள்ளைகள் இதைக் கற்றுக்கொள்கிறார்கள். வயதைப் பார்ப்பதைவிடக் கையைப் பார்ப்பது நல்லது. சட்டைப் பொத்தானைத் தானே போடுகிற, ஒரு கையால் காகிதத்தைத் திருப்பிக்கொண்டே மறு கையால் கத்தரிக்கோலை ஓட்டுகிற பிள்ளை ஏறக்குறையத் தயார் என்று கொள்ளலாம். ஏனெனில் லேஸ் கட்டும்போதும் இரண்டு கைகள் ஒரே நேரத்தில் வெவ்வேறு காரியங்களைச் செய்தாக வேண்டும். அந்தப் பக்குவம் வருவதற்கு முன் வற்புறுத்தினால் அதன் அழுகையும் நம் எரிச்சலும்தான் மிஞ்சும்.

நாம் வழக்கமாகச் சொல்லிக்கொடுக்கும் வரிசையில், முதலில் லேஸ்களைக் குறுக்கே போட்டு ஒரு முடிச்சு, பிறகு காதுகள் (லேஸை மடித்துப் பிடிக்கும் வளையங்கள்), பிறகு சுற்று, பிறகு நுழைப்பு, கடைசியில் இழுப்பு. இந்த வரிசையில் குழந்தை நடுவழியில் எங்கோ தடுமாறுகிறது. அதுவரை செய்தது முழுவதும் கலைந்துபோகிறது. மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. வெற்றி என்ற ஒன்றை அது பார்ப்பதே இல்லை. வரிசையைத் தலைகீழாக்கினால் நிலைமை மாறிவிடுகிறது. முடிச்சின் எல்லாப் படிகளையும் நானே செய்துவிட்டு, இரண்டு காதுகளையும் பிடித்து இழுக்கும் கடைசிச் செயலை மட்டும் மகளிடம் விட்டேன். இழுத்தாள், முடிச்சு நின்றது. அது கைவந்த பிறகு, காதைச் சந்துக்குள் நுழைப்பதும் இழுப்பதும் அவள் வேலை. அதற்குப் பிறகு காதுகளைக் குறுக்கே வைப்பதிலிருந்து அவள் வேலை. இப்படி ஒவ்வொரு படியாகப் பின்னோக்கிப் போகும்போது, புதிதாகக் கற்கும் படியைத் தாண்டினால் போதும், ஏற்கெனவே தெரிந்த பாதையில் கை தானாகப் போய்ச் சேர்ந்துவிடும். சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளுக்கு உடை அணியக் கற்பிக்கும் சிகிச்சையாளர்கள் நெடுங்காலமாகக் கையாளும் முறை இது. எல்லாக் குழந்தைகளுக்கும் பொருந்துகிறது.

எல்லாப் படிகளிலும் கடினமானது, காதைச் சந்துக்குள் நுழைக்கும் படி. அருகிலிருந்து பார்த்தால் காரணம் விளங்கும். இடது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இரண்டு காதுகளும் குறுக்கிடும் இடத்தை அழுத்திப் பிடித்திருக்க, வலது கட்டைவிரல் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஓட்டையைத் தேடி அதற்குள் லேஸைத் தள்ள வேண்டும். தள்ளியதை மறுபக்கத்தில் பற்றி எடுப்பதற்காகப் பிடியைத் தளர்த்தும் அந்தக் கணத்தில்தான் எல்லாம் சரிந்துவிடுகிறது. “அப்பா, ஓட்டை எங்க போச்சு?” என்று நாக்கைக் கடித்துக்கொண்டு கேட்பாள். அந்த இடத்தில் வாயால் விளக்குவதில் பயன் குறைவு. சந்து பெரிதாகத் தெரியும்படி லேஸைத் தளர்வாக விட்டுவைத்தால் போதும். இறுக்கம் பிறகு வரும்.

ஷூவைக் காலில் மாட்டிப் பழகுவது தொடக்கத்தில் தேவையில்லாத சிரமம். மடியிலோ மேசையிலோ, முன்பக்கம் குழந்தைக்கு எதிர்ப்புறமாக இருக்கும்படி வைத்தால், காலில் இருக்கும்போது தெரியும் அதே கோணம் கிடைக்கும். கற்றுக்கொடுப்பவர் எதிரில் உட்காராமல் பக்கத்தில் உட்கார வேண்டும்; எதிரில் உட்கார்ந்தால் இடமும் வலமும் மாறித் தெரியும். வலக்கைக்காரர் இடக்கைக் குழந்தைக்குக் கற்பிக்கும்போது மட்டும் அதுவே வசதியாகிவிடும். வழவழப்பான உருண்டை நைலான் லேஸ் பிடிக்குள் நிற்காது, தட்டையான பருத்தி லேஸ் நிற்கும். முயல் குழிக்குள் போகிறது, மரத்தைச் சுற்றி வருகிறது என்று கதை சொல்லிக் கற்பிப்பவர்கள் உண்டு. என் அனுபவத்தில் குழந்தை முடிச்சை விட்டுவிட்டு முயல் ஏன் ஓடுகிறது என்று விசாரிக்கத் தொடங்கிவிடுகிறது.

ஒரு காது செய்து மற்ற லேஸை அதைச் சுற்றிக் கொண்டுவருவது ஒரு முறை. இரண்டு காதுகளையும் முதலிலேயே செய்துகொண்டு அவற்றை ஒன்றோடொன்று முடிவது இன்னொரு முறை. சரியாகச் செய்தால் இரண்டிலும் கிடைப்பது ஒரே முடிச்சுதான். சிறிய கைகளுக்கு இரண்டு காது முறையே எளிது என்று நான் கருதுகிறேன். முதல் முடிச்சில் செய்த அதே அசைவைக் காதுகளை வைத்து மறுபடியும் செய்தால் போதும். ஆஸ்திரேலியரான இயன் ஃபீகன் பரப்பிய, இரண்டு காதுகளையும் ஒரே வீச்சில் ஒன்றுக்குள் ஒன்று இழுக்கும் வேகமுடிச்சு அழகானது, ஆனால் தொடங்குபவர்களுக்கு ஏற்றதன்று.

பெரும்பாலான வீடுகளில் யாரும் கவனிக்காத விஷயம் முடிச்சின் திசை. முதல் முடிச்சில் இடது லேஸ் வலதின் மேல் போயிருந்தால், காதுகளை முடியும்போது வலது காது இடதின் மேல் போக வேண்டும். அப்படிப் போனால் உறுதியான ரீஃப் முடிச்சு. இரண்டு முறையும் ஒரே திசையில் போனால் எளிதில் நழுவும் கிரானி முடிச்சு. உங்கள் ஷூவைக் குனிந்து பாருங்கள். காதுகள் பாதத்துக்குக் குறுக்காக, இடமும் வலமுமாகப் படுத்திருந்தால் முடிச்சு சரி. குதிகாலையும் விரல்களையும் நோக்கித் திரும்பி நின்றால் அது கிரானி. திருத்துவது சுலபம்: முதல் குறுக்கீட்டை மட்டும் மாற்றிப் போட்டு, மற்றதைப் பழகியபடியே செய்யலாம்.

ஆறு வயதுக் குழந்தையிடம் இடது வலது என்று பேசினால் குழப்பமே மிஞ்சும் என்பதால், இரண்டு நிற லேஸ்களை அடித்துளைகளுக்கருகில் முடிந்து, இடப்பக்கம் சிவப்பும் வலப்பக்கம் வெள்ளையுமாக மேலே வரும்படி கோத்தேன். முதல் முடிச்சில் சிவப்பு வெள்ளையின் மேலே போய், கீழே நுழைந்து வலப்பக்கம் வந்துவிடும். அடுத்து காதுகளை முடியும்போதும் சிவப்புக் காதே மேலே போக வேண்டும். “ரெண்டு தடவையும் சிவப்புதான் மேல” என்ற ஒரே விதியில் திசைப் பிரச்சினை முடிந்துவிடுகிறது.

திசைக்கு இவ்வளவு முக்கியத்துவம் எதற்கு என்பதற்கு 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வு பதில் சொல்கிறது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்து இயந்திரப் பொறியாளர்கள், ட்ரெட்மில்லில் ஓடுபவரின் ஷூவை அதிவேகக் கேமராவில் பதிவுசெய்து பார்த்தார்கள். கால் தரையில் மோதும்போது புவியீர்ப்பைப்போல் ஏறக்குறைய ஏழு மடங்கு அதிர்வு முடிச்சைத் தாக்கி நெகிழ வைக்கிறது; அதே சமயம் வீசி நடக்கும் கால் லேஸின் நுனிகளை வெளியே இழுக்கிறது. உட்கார்ந்து காலை ஆட்டுவது மட்டுமோ, நின்ற இடத்தில் காலைத் தட்டுவது மட்டுமோ முடிச்சை அவிழ்க்கவில்லை. இரண்டும் சேர்ந்தபோதுதான் அவிழ்ந்தது. ரீஃப் முடிச்சும் முற்றிலும் தப்புவதில்லை, ஆனால் கிரானி அதைவிட மிகச் சீக்கிரம் தோற்றுப்போகிறது. நாள் முழுதும் ஓடிக் குதிக்கும் குழந்தையின் லேஸ் அவிழ்ந்து கிடந்தால், அது சரியாகக் கட்டவில்லை என்று உடனே முடிவுகட்டிவிட வேண்டாம்.

இறுக்கத்துக்கு ஒரு சிறு வழி உண்டு. முதல் முடிச்சில் லேஸை ஒரு முறைக்குப் பதிலாக இரண்டு முறை சுற்றிவிட்டால், காதுகளைச் செய்யும்போது அது தளராமல் உராய்விலேயே நிற்கும். அவசரத்துக்கு மேலே போடும் இரட்டை முடிச்சை நான் தொடக்கத்தில் தவிர்த்தேன். அதை அவிழ்க்கக் குழந்தைக்கு வராது, ஒவ்வொரு மாலையும் நம்மைத் தேடி வரும். அவிழ்ப்பதையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும்: காதை அல்ல, தொங்கும் நுனியை இழுக்க வேண்டும். நுனி தவறுதலாகக் காதுக்குள் நுழைந்திருக்கும்போது இழுத்துவிட்டால் முடிச்சு கல்லாக இறுகிவிடும். அப்போது மேலும் இழுக்காமல், முடிச்சிலிருந்து வெளியே வரும் லேஸைச் சற்று முறுக்கி உள்நோக்கித் தள்ளினால் அது இளகிக் கொடுக்கும். இந்த ஒரு வேலைக்கு மட்டும் என் மகள் இன்னும் என்னைத்தான் கூப்பிடுகிறாள்.